வானிலைத் தரவை எடுத்து எக்செலில் போடும் ஸ்கிரிப்ட்: கொட்டும் மழையில் "உலர்" என்கிறது

#1 தூரிகை

வணக்கம் நண்பர்களே. வெளிப்புறச் சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையை ஒப்பந்தமாக எடுக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. அட்டவணை போடுவது, வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. நான் புரோகிராமர் இல்லை. அங்கங்கே படித்ததை ஒட்டிச் செய்த ஏற்பாடு இது.

காலை 6 மணிக்கு விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் வசதி) ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது ஒரு சின்ன நிரலை, ஓட்டும். அது ஓப்பன்-மீட்டியோ என்ற இணைய வானிலைச் சேவையிலிருந்து மணிவாரி மழையளவை எடுத்து, 9 மணி முதல் 5 மணி வரைக்கும் உள்ளதைக் கூட்டி ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதும். எக்செல் அதைப் படித்து, மொத்தம் 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் "உலர்", மேலே போனால் "மழை" என்று போடும். 7 மணிக்கு நான் வந்து பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் என்ற தானியங்கிச் செயலியில் ரன் அழுத்துவேன். "மழை" என்று இருக்கும் வேலைகளுக்கு எல்லாம் "இன்று வர இயலாது" என்ற மெயில் தானாகப் போய்விடும்.

ஏழு வாரம் ஒரு குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை எல்லாமே "உலர்". இரண்டு குழு கிளம்பிப் போனது. பத்தரைக்குப் பிடித்த மழை மதியம் வரை விடவில்லை. அப்போதுதான் அடித்த ப்ரைமர் சுவரிலிருந்து வழிந்து, ஜன்னல் விளிம்பில் பால் கொட்டியது போலத் தேங்கி நிற்கும் படத்தை மேஸ்திரி அனுப்பினார். படத்தோடு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதுதான் இன்னும் சங்கடம்.

முன்கணிப்பு தவறா? வேறு சேவைக்கு மாறிவிடலாமா?

#2 நிலைக்காற்று

மாறுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஸ்கிரிப்ட் எந்த முகவரியைக் கூப்பிடுகிறதோ அதை நாளைக் காலை அதே 6 மணிக்கு உலாவியில் ஒட்டி, வரும் பதிலின் முதல் பத்து வரியை இங்கே எழுதுங்கள். கூட்டிய தொகை வேண்டாம், பச்சையான பதில் வேண்டும்.

#3 காற்றாடி

இதில் பார்க்க என்ன இருக்கிறது? அது கணினியில் ஓடும் வானிலை மாடல் (மாதிரி) ஒன்று கொடுக்கும் கணிப்பு. உங்கள் தெருவில் யாரும் மழைமானி வைத்து அளந்து சொல்லவில்லை. உலகளாவிய மாதிரிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும், அதில் ஒரு கட்டமே ஏறக்குறைய 9 முதல் 25 கிலோமீட்டர் வரை அகலம். நிஜமாக அளந்த எண் வேண்டுமென்றால் விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் அறிக்கையை எடுங்கள். மணிக்கு ஒரு முறையோ அரை மணிக்கு ஒரு முறையோ வரும். நிலைமை சட்டென்று மாறினால் இடையிலும் ஒன்று வரும். நான் அதைத்தான் நம்புகிறேன்.

#4 அரைத்தூக்கம்

காற்றாடி, அளந்த எண் இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லும். அவருக்குக் காலை 6 மணிக்குத் தெரிய வேண்டியது 11 மணிக்கு என்ன நடக்கும் என்பது. மெட்டாரை வைத்து அதைச் சொல்ல ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

#5 காற்றாடி

ஜோசியம் இல்லை. குழு கிளம்பிய பிறகு "நிறுத்துங்கள்" என்று சொல்ல அளந்த எண்தான் வேண்டும். அட்டவணைக்கு முன்கணிப்பு, நிறுத்துவதற்கு அளவீடு. இரண்டும் வேண்டும் என்கிறேன்.

#6 அரைத்தூக்கம்

அப்படிச் சொன்னால் சரி. முதல் பதிவில் அப்படிச் சொல்லவில்லையே.

#7 தூரிகை

நிலைக்காற்று சார், காலை 6.02க்கு எடுத்தது. அட்சரேகை, தீர்க்கரேகை, அப்புறம் "யூடிசி ஆஃப்செட் விநாடிகள்: 0", "டைம்சோன்: ஜிஎம்டி", கடல்மட்டத்திலிருந்து உயரம், அதன் பிறகு நேரங்களின் பட்டியல். இன்று வியாழக்கிழமை. ஆனால் பட்டியலின் முதல் நேரம் புதன்கிழமை 00:00 என்று தொடங்குகிறது. இது ஏன்?

#8 நிலைக்காற்று

அகப்பட்டது. முன்கணிப்பின் மேல் பழி இல்லை.

நேர மண்டலம் எது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அந்தச் சேவை ஜிஎம்டியில்தான் (கிரீன்விச் நேரம்) பதில் தரும். பட்டியல் எப்போதும் "இன்று" நள்ளிரவு 00:00இல் தொடங்கும். யாருடைய இன்று? ஜிஎம்டியின் இன்று. உங்கள் கடிகாரம் ஜிஎம்டியைவிட 7 மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் காலை 6 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 11. அதனால்தான் வியாழன் காலையில் கேட்டால் புதன் பட்டியல் வருகிறது.

ஸ்கிரிப்ட் நேரத்தைப் படிப்பதில்லை, 9வது எண் முதல் என்று கணக்கு வைத்து எடுக்கிறது என்று ஊகிக்கிறேன். அந்தக் கணக்கில் ஜிஎம்டி 9 மணி என்பது உங்களுக்கு முந்தைய நாள் மாலை 4. ஆக ஏழு வாரமாக நீங்கள் பார்த்தது நேற்று மாலையும் இரவும் பெய்த மழை. இன்றைய பகல் அந்தக் கோப்புக்குள் வந்ததே இல்லை.

முகவரியின் கடைசியில் டைம்சோன் என்ற அளவுருவைச் சேர்த்து "ஆட்டோ" என்று கொடுங்கள். நீங்கள் கொடுக்கும் இடத்தின் உள்ளூர் நேரத்துக்குப் பட்டியல் மாறிவிடும். அதோடு விடாமல், எண் வரிசையை நம்புவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் உள்ள தேதியையும் மணியையும் படித்து, "இன்றைய தேதி, இந்த மணிகள்" என்று வடிகட்டி எடுங்கள்.

#9 தூரிகை

தலை சுற்றுகிறது. ஏழு வாரம் சரியாகத்தானே சொன்னது? "மழை" என்று சொன்ன நாளில் பெரும்பாலும் மழையும் பெய்ததே!

(சார் என்று யாரோ மேலே எழுதியிருந்தீர்களா? இல்லை, நான்தான் எல்லோரையும் சார் என்கிறேன். நான் மேடம். பரவாயில்லை.)

#10 அரைத்தூக்கம்

அதில்தான் வேடிக்கையே இருக்கிறது மேடம். "நேற்று எப்படியோ இன்றும் அப்படியே" என்பதும் ஒரு முன்கணிப்பு முறைதான். பெர்சிஸ்டன்ஸ் என்று பெயர். வானிலைக்காரர்கள் புது மாதிரியைச் சோதிக்கும்போது இதோடுதான் ஒப்பிடுவார்கள், இதைக்கூட முந்தாவிட்டால் அந்த மாதிரியால் பயனில்லை என்று. வெயில் காலத்தில் வெயில் தொடரும், மழைக் காலத்தில் மழை தொடரும், அதனால் பாதி நாளுக்கு மேல் அது சரியாகவே இருக்கும். காற்று திசை மாறுகிற அன்றைக்கு மட்டும் காலை வாரும். உங்கள் செவ்வாய் அப்படிப்பட்ட நாள். தெரியாமலேயே ஏழு வாரம் பெர்சிஸ்டன்ஸ் முன்கணிப்பு நடத்தியிருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

#11 ஈரமண்

சின்ன விஷயம், ஆனால் திருத்தும் கையோடு திருத்திவிடலாம். அந்தச் சேவையில் 9:00 என்ற வரியில் இருக்கும் மழையளவு 8 முதல் 9 வரை பெய்ததின் கூட்டு. முடிந்துபோன மணி. ஆக 9 முதல் 5 வரைக்கான வேலைக்கு 10:00 முதல் 17:00 வரையுள்ள வரிகளைக் கூட்ட வேண்டும். வெப்பநிலையும் காற்றும் அப்படியில்லை, அந்த நேரத்து மதிப்பு.

இன்னொன்று, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓப்பன்-மீட்டியோ இலவசமாகக் கொடுப்பது வணிகமல்லாத பயன்பாட்டுக்கு, நாளைக்கு 10,000 அழைப்புக்குள். பெயின்டிங் அலுவலகம் வணிகம்தான். பணம் கட்டிச் சாவி (சேவையைப் பயன்படுத்தத் தரும் தனிக் குறியீடு) வாங்குங்கள். அல்லது நார்வே வானிலை நிறுவனத்தின் திறந்த தரவை எடுங்கள். உலகம் முழுவதுக்கும் முன்கணிப்பு தருகிறார்கள், தரவு அவர்களுடையது என்று குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

#12 தூரிகை

அந்த நிபந்தனையை நான் படிக்கவே இல்லை, நன்றி. முதலாளியிடம் பேசினேன். நார்வே தரவுக்கே மாறிவிடலாம் என்றார் (இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும்). மாற்றிப் பார்த்தால் 403 (அனுமதி இல்லை) என்று வருகிறது.

#13 நிலைக்காற்று

கூப்பிடுவது யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அழைப்போடு போகும் யூசர்-ஏஜென்ட் என்ற தலைப்பில் உங்கள் நிரலின் பெயரும் தொடர்புக்கு ஒரு மெயில் முகவரியும் இருக்கட்டும். அநாமதேயமாகப் போனால் கதவைச் சாத்திவிடுவார்கள். அட்சரேகை, தீர்க்கரேகையில் புள்ளிக்குப் பிறகு 4 இலக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

மாறும்போது கவனிக்க வேண்டியவை இங்கேதான் இருக்கின்றன. அங்கே நேரம் எப்போதும் யூடிசி (நடைமுறையில் ஜிஎம்டியேதான்), "ஆட்டோ" கிடையாது. உள்ளூர் நேரமாக நீங்கள்தான் மாற்ற வேண்டும். மழையளவு "அடுத்த 1 மணி நேரம்" என்ற பெயரில் வரும், அதாவது 9:00 வரியில் இருப்பது 9 முதல் 10 வரை. ஈரமண் மேலே சொன்னதற்கு நேர் எதிர். காற்று விநாடிக்கு மீட்டரில் இருக்கும். ஓப்பன்-மீட்டியோவில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மணிக்குக் கிலோமீட்டர். 10 என்ற எண் ஒன்றில் இதமான காற்று, இன்னொன்றில் 36 கிலோமீட்டர் வேகம், சாரத்தில் ஆள் நிற்க முடியாது. மெட்டாரில் நாட் என்ற அலகு, ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். எண்ணைப் பெறும் இடத்திலேயே அலகை மாற்றி, நெடுவரிசைத் தலைப்பில் அலகையும் எழுதிவிடுங்கள்.

#14 கொக்கி

தாமதமாக வருகிறேன். காற்றுக்கும் வரம்பு வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரே எண்ணை வைக்காதீர்கள். வெளியே ஒரு பந்தல் திரைக்கு நான் செய்த கூத்து: 30ஐத் தாண்டினால் சுருட்டு, குறைந்தால் விரி. ஒரு சாயங்காலம் 29, 31, 29, 32 என்று வந்துகொண்டே இருந்தது. திரை 11 முறை ஏறி இறங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். இப்போது 30ஐத் தாண்டினால் சுருட்டு, 22க்குக் கீழே அரை மணி நேரம் நின்றால்தான் விரி. சராசரிக் காற்றோடு பிடிகாற்றையும் (திடீரென்று வேகமாக அடிக்கும் காற்று) பாருங்கள். கவிழ்ப்பது அதுதான்.

#15 தூரிகை

காற்றுக்கு இரண்டு வரம்பு போட்டுக்கொள்கிறேன். இன்னொரு தொல்லை: சில நாள் ஸ்கிரிப்ட் ஓடுவதே இல்லை, ஆனால் எக்செலில் ஏதோ ஒரு எண் இருக்கிறது. அதையும் "உலர்" என்றுதான் எடுத்துக்கொள்கிறது. டாஸ்க் ஷெட்யூலரில் "கடைசி முடிவு 0x0" என்று இருக்கிறது, அதாவது வெற்றி என்றுதானே?

#16 கொக்கி

லேப்டாப்பா? அப்படியென்றால் டாஸ்க்கின் கண்டிஷன்ஸ் பக்கத்தைத் திறங்கள். "மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு" என்ற பெட்டி பிறக்கும்போதே டிக் ஆகி இருக்கும். இரவு சார்ஜரைக் கழற்றிவிட்டால் காலையில் ஓடாது. அதை எடுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட்டச் சொல்லும் பெட்டியும் அதே பக்கத்தில் உண்டு. செட்டிங்ஸ் பக்கத்தில் "தவறவிட்டால் முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு" என்று ஒன்று உண்டு, அதை டிக் செய்யுங்கள்.

ஆக்ஷன்ஸில் "ஸ்டார்ட் இன்" கட்டம் காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓடும். கோப்புப் பெயரை மட்டும் கொடுத்திருந்தால் அங்கே போய் எழுதப் பார்க்கும், அனுமதி இருக்காது. முழுப் பாதையைக் கொடுங்கள். "லாக்இன் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு" என்று வைத்தால் ஸ்கிரிப்ட் ஓடும், ஆனால் அது திறக்கும் எந்த ஜன்னலும் திரையில் தெரியாது. எச்சரிக்கைப் பெட்டி காட்டும் ஸ்கிரிப்டை அப்படி வைத்துவிட்டு நான் ஒரு மாதம் "இன்னும் எச்சரிக்கை வரலையே" என்று நிம்மதியாக இருந்தேன்.

ஹிஸ்டரி தாவல் பொதுவாக அணைந்தே இருக்கும். முதலில் அதை இயக்குங்கள், எந்த நாள் ஓடவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

#17 நிலைக்காற்று

//கடைசி முடிவு 0x0//

அது வெற்றி இல்லை. ஸ்கிரிப்ட் கடைசி வரி வரைக்கும் நடந்து முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம். பவர்ஷெல்லில் இணைய அழைப்பு தோற்றால் சிவப்பில் ஒரு பிழையைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். உங்கள் ஸ்கிரிப்டில் தொகையை 0 என்று வைத்துத் தொடங்கி ஒவ்வொரு மணியாகக் கூட்டுகிறீர்கள், இல்லையா? பட்டியலே வரவில்லை என்றால் கூட்ட எதுவும் இல்லை. அந்த ஆரம்ப 0 அப்படியே கோப்புக்குப் போகும். எக்செல் படிக்கும்: மழை 0. உலர். இணையம் அறுந்த நாளெல்லாம் உங்கள் அலுவலகத்தில் நல்ல வெயில்.

எக்செலும் சளைத்ததில்லை. ஒரு காலிக் கட்டத்தை 0.5ஐவிடக் குறைவா என்று கேட்டுப் பாருங்கள், கூசாமல் ஆமாம் என்று சொல்லும்.

என் கருத்தில் இந்த ஏற்பாட்டின் முக்கியக் கோளாறு இதுதான், ஜிஎம்டி கூட அடுத்ததுதான். உங்கள் அட்டவணைக்கு "உலர்", "மழை" என்று இரண்டே பதில் தெரியும். "தெரியவில்லை" என்ற மூன்றாவது பதிலைக் கற்றுக்கொடுங்கள். அதற்கு:

ஸ்கிரிப்டின் தலையில் எரர்-ஆக்ஷன்-பிரிஃபரன்ஸ் என்பதை "ஸ்டாப்" என்று வையுங்கள். பிழை வந்தால் அங்கேயே நிற்கும், டாஸ்க் ஷெட்யூலரிலும் 0 வராது. கூட்டுவதற்கு முன் எத்தனை மணி கிடைத்தது என்று எண்ணுங்கள். 8 மணி நேரத்துக்கு 8 எண் இல்லையென்றால் கூட்டவே கூடாது. கோப்பில் மழையளவோடு, எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். நார்வே பதிலின் மெட்டா பகுதியில் முன்கணிப்பு எப்போது புதுப்பிக்கப்பட்டது என்றும் இருக்கும், அதையும். எக்செல் முதலில் நேரத்தைப் பார்க்கட்டும். எடுத்து 3 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் மழையளவு எதுவாக இருந்தாலும் "தெரியவில்லை". கடைசியாக, நேரடியாக அந்தக் கோப்பில் எழுதாமல் வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். பாதி எழுதிய கோப்பை எக்செல் திறக்கும் வாய்ப்பு போய்விடும்.

#18 ஈரமண்

"தெரியவில்லை" என்று தமிழிலேயே எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பவர்ஷெல் 5.1இல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கட்டளை, என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) சொல்லாவிட்டால் ஆங்கில எழுத்து மட்டுமே தெரிந்த ஆஸ்கியில் எழுதும். தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக வரும். தமிழும் தெரிந்த முறையான யூடிஎஃப்8 என்று குறிப்பிடுங்கள். பவர்ஷெல் 7இல் யூடிஎஃப்8 தான் இயல்பு, ஆனால் பாம் என்ற முன்குறி இல்லாமல். எக்செல் அதைத் திறந்தால் எழுத்து சிதையலாம். அங்கே "பாம் உடன் யூடிஎஃப்8" என்று கேட்க வேண்டும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே தமிழ்ச் சொல் இருந்தால் 5.1க்காக ஸ்கிரிப்ட் கோப்பையும் பாம் உடன் சேமியுங்கள்.

#19 மடிக்கணினி_மடம்

மேக்கில் இதையே செய்ய நினைப்பவர்களுக்கு: ஷார்ட்கட்ஸ் செயலியில் தற்போதைய வானிலை, முன்கணிப்பு இரண்டுக்கும் ஆக்ஷன் உள்ளது. சாவி, ஜேசன் (தரவு வரும் எழுத்து வடிவம்) எதுவும் வேண்டாம். நேரத்துக்கு ஓட்ட லாஞ்ச்டி நல்லது. மூடி வைத்திருந்த நேரத்தில் தவறிய வேலையை எழுந்ததும் ஓட்டும். அதே வேலைக்கான இன்னொரு கருவியான கிரான் ஓட்டாது. லினக்ஸில் சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் என்பதை ட்ரூ ஆக்கினால், கணினி அணைந்திருந்தபோது தவறியதையும் பிடித்துக்கொள்ளும்.

#20 அரைத்தூக்கம்

எனக்கு ஒரு சந்தேகம். காலை ஒரு முறை போதுமா? நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே.

#21 நிலைக்காற்று

அரிசி வெந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறப்பது போல. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற வானிலை மாடல் ஒரு நாளைக்கு 4 முறைதான் ஓடுகிறது: யூடிசி 00, 06, 12, 18. இடையில் எத்தனை முறை கேட்டாலும் பழைய எண்ணே. நார்வே பதிலில் எக்ஸ்பயர்ஸ் என்ற தலைப்பு வரும். அந்த நேரத்துக்கு முன் மறுபடி கேட்காதீர்கள் என்று பொருள். அதன் பிறகும் "நான் கடைசியாக வாங்கியது இந்த நேரத்தில், மாறியதா" என்று கேட்டால், மாறாவிட்டால் 304 என்று மட்டும் சொல்வார்கள்.

சரியாக 6:00:00க்கு வைக்காதீர்கள். உலகத்தில் உள்ள பாதி ஸ்கிரிப்ட் அந்த நொடியில்தான் கதவைத் தட்டும். 6:07 மாதிரி ஏதாவது வையுங்கள்.

#22 காற்றாடி

எல்லாம் சரி, மெயில் தானாகப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தப்பான "உலர்" ஒரு சுவரைக் கெடுக்கும். தப்பான "மழை" பத்து வாடிக்கையாளருக்கு வெயில் நாளில் "மழையால் வரவில்லை" என்று சொல்லும். வரைவுப் பெட்டியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அனுப்பும் பொத்தான் மனுஷன் கையில் இருக்கட்டும்.

#23 கொக்கி

அப்போது ஆட்டோமேஷன் எதற்கு? பத்து மெயிலும் ஒருவர் கண்ணால் பார்த்தே அனுப்ப வேண்டும் என்றால்?

#24 காற்றாடி

பத்து மெயிலை எழுதுவதற்கும், எழுதிய பத்து மெயிலைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதே. தூரிகை எப்படியும் 7 மணிக்கு ரன் அழுத்த வந்துவிடுகிறார். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்க ஒரு நொடி.

#25 தூரிகை

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன்.

எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது கோப்பில் ஐந்து நெடுவரிசை: எடுத்த நேரம், முன்கணிப்பு நேரம், கிடைத்த மணிகள், மழை மி.மீ., காற்று கி.மீ./மணி. மெயில் வரைவில்தான் போய் உட்காருகிறது. காற்றாடி சொன்னதைக் கேட்டு முதலாளியும் அதையே சொன்னார், தான் யோசித்தது போல.

நேற்றுக் காலை வந்து திறந்தால் முழு அட்டவணையும் மஞ்சள். எல்லா வரிசையிலும் "தெரியவில்லை". இரவு ரவுட்டர் செத்துப்போயிருக்கிறது. பழைய ஏற்பாடாக இருந்தால் அத்தனையும் "உலர்" என்றிருக்கும். கைப்பேசியில் முன்கணிப்பைப் பார்த்து, மேஸ்திரிக்குப் போன் செய்து, மதியத்துக்கு மேல் இருந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிவைத்தோம். மூன்று மணிக்குத் தூறியது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. 6:07க்குக் கோப்பு மாறுகிறது, ஆனால் எக்செல் முந்தைய நாள் இரவிலிருந்து திறந்தே இருந்தால் பழைய எண்ணைத்தான் காட்டுகிறது.

#26 ஈரமண்

டேட்டா தாவலில் அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து "கோப்பைத் திறக்கும்போது புதுப்பி", "இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பி" இரண்டையும் டிக் செய்யுங்கள். எடுத்த நேரம் என்ற நெடுவரிசை இருப்பதால்தான் பழையது என்றே கண்டுபிடித்தீர்கள், அதைக் கவனித்தீர்களா?

#27 தூரிகை

கவனித்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது.

#28 மடிக்கணினி_மடம்

இந்த இழையைப் படித்துவிட்டு என் செடிகளுக்குத் தண்ணீர் விடும் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். "டைம்சோன்: ஜிஎம்டி". ஐந்து மாதம். யாரிடமும் சொல்ல வேண்டாம்.